சத்தமில்லாமல் பேசிய முகம்

இரவு ஒன்பதரை. டிப்போவுக்குப் பின்னால் போகும் சாலையில் விளக்கு கிடையாது. கடைசி பஸ்ஸும் போன பிறகு அங்கே காலடிச் சத்தம் கேட்டால், அது எங்கள் வீட்டுக்கு வரும் ஆள்தான். வேறு வீடு இல்லை.

கரண்டு போன இரவுகளில், இதைத் தோழியின் அக்காவுக்கு நடந்ததாகச் சொல்லியிருக்கிறேன். அந்த அக்கா நான்தான்.

அன்றிரவு அப்படி வந்தவர் மப்ளரை அவிழ்த்தார். களிம்பு வாடை. என் தம்பியின் மூக்கு. தம்பியின் கன்னம், உதடு... கண்கள் மட்டும் வேறு யாருடையவோ.

பதினாலு மாதத்துக்கு முன் தம்பி பைக்கிலிருந்து விழுந்து மூளைச்சாவு அடைந்தான். சிறுநீரகம் கேட்டார்கள், கல்லீரல் கேட்டார்கள். கடைசியில் டாக்டர் தயங்கித் தயங்கி முகத்தையும் கேட்டார். கையெழுத்துப் போட்டேன். உன் முகத்தைக் கொடுக்கட்டுமா என்று உயிரோடு இருக்கும் தம்பியை யார் கேட்டு வைக்கிறார்கள்?

வந்தவர் பாய்லர் வெடித்து முகம் போனவர். தம்பியின் முகத்தைப் பொருத்தியது இவருக்குத்தான்.

"வரக்கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க. வேற வழி தெரியலங்க. நான் தூங்கிடறேன், இது தூங்க மாட்டேங்குது. உதடு என்னவோ பேசுது, சத்தம் வரல. சம்சாரம் பயந்து அம்மா வீட்டுக்குப் போயிட்டா. உங்க தம்பி என்ன கேக்கறார்னு தெரிஞ்சா செஞ்சு குடுத்துடுவேன். கொஞ்ச நேரம் இங்க தூங்கட்டுமா? உங்களுக்காவது புரியுமா?"

புரியும். எங்கள் அம்மாவுக்குக் காது கேட்காது. அவள் சாகும்வரை உதட்டசைவில்தான் பேசினோம். அப்பா தூங்கும்போது நானும் தம்பியும் சத்தமே இல்லாமல் சண்டை போடுவோம். என் உப்பிய கன்னத்துக்கு அவன் வைத்த பெயர் பன்னு.

நாற்காலியிலேயே தூங்கிப்போனார். குறட்டை வந்தது... அது அவருடையது. குறட்டைக்கு நடுவே உதடுகள் ஒட்டிப் பிரிந்தன.

"பன்னு."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"பன்னு, இருட்டா இருக்கு. லைட்டப் போடேன்."

ட்யூப்லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. வீட்டில் இருந்த எல்லா விளக்கையும் போட்டேன். டார்ச்சை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"போடேன்டி..."

கண் அவருடையது. தம்பிக்கு எதில் வெளிச்சம் தெரியும்? விடியும்வரை டார்ச்சைப் பிடித்தபடியே இருந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

விழித்ததும், "என்னங்க கேட்டார்?" என்றார்.

"ஒண்ணும் கேக்கல. நல்லா இருங்கன்னு சொல்றான்."

அழுதார். கண்ணீர் தம்பியின் கன்னத்தில் வழிந்து மோவாய் வரைக்கும் போனது. அவர் துடைக்கவில்லை. அங்கே இன்னும் உணர்ச்சி வரவில்லையாம்.

வாசலில் நின்று கும்பிட்டார். "இனிமே நிம்மதியா தூங்குவேன். போயிட்டு வரேங்க" என்றது குரல்.

உதடுகள் அதைச் சொல்லவில்லை.

"அக்கா, என்னை இவர்கூட அனுப்பாத."

அவன் என்னை அக்கா என்று கூப்பிட்டதே கிடையாது.