நனைந்த விதைச்சாமை

காளப்பநாயக்கன்பட்டியில் நான் ஏறிய பேருந்தில், என் முன் இருக்கையில் கான்வென்ட் சீருடையோடு இரண்டு மாணவிகள் இருந்தார்கள்.

“நான் வெதையக் கழுவிப்புட்டேன்டி,” என்றாள் சன்னலோரத்தில் இருந்தவள்.

“எந்த வெதைய?” என்றாள் தோழி.

“போன சனிக்கெழம சேவைக்குப் போயி, அந்தக் கால் முடியாத அக்கா ஊட்டச் சுத்தம் பண்ணுனமல்ல? அடுப்புக்கு மேல சுரைக்குடுக்கை கரியாத் தொங்குச்சு. அழுக்குன்னு நெனச்சுத் தண்ணி ஊத்திக் கழுவுனேன். உள்ளார வெதைச்சாமை!”

“சொல்லிட்டியா?”

“ஈரத்தோடவே திருப்பிக் கட்டிட்டேன். உள்ளாரயே அழுகிருக்கும், இனி மொளைக்காது. அடுத்த வாரம் வெதைப்பாங்க.”

“இதுக்குத்தான் சிஸ்டர் உனக்குக் கை தட்டச் சொன்னாங்களா!”

“சிரிக்காதடி. எங்கூட்டு வெதைல பாதி இந்தப் பையில இருக்குது. அம்மாவுக்குத் தெரியாது.”

“அக்காவுக்குத் தெரியாம மாத்தி வெச்சிரு.”

“இல்ல, சொல்லித்தான் குடுக்கோணும். அடுத்த ஸ்டாப்புதான் அக்கா ஊரு, நீயும் வா.”

பேருந்து நின்றது. தோழி விதைப் பையை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். இவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.