சிப்பி வரியில் இருந்த மண்

பெயர் பொன்னுத்துரை, வயது 54, த/பெ நாச்சிமுத்து, ஆத்தூர், திண்டுக்கல் மாவட்டம்.

நான் மேற்கண்ட ஊரில் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். திண்டுக்கல்லில் ஒரு தனியார் கல்லூரியில் நிலவியல் ஆய்வக உதவியாளராக இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். அங்கு ஆராய்ச்சி செய்யும் பிரிஸ்கில்லா என்பவர் நான்கு வருடமாக அரியலூர் பக்கத்து ஓடைகளில் கல்லாகிப்போன கடல் சிப்பிகளைப் பெயர்த்து வந்து, தனித்தனிப் பையில் போட்டு, எந்தப் பாறை அடுக்கில் எடுத்தது என்று சீட்டு எழுதி வைத்திருந்தார். எந்தச் சிப்பி எந்த அடுக்கோடு நின்றுபோகிறது என்பதை வைத்துப் பாறையின் வயதைச் சொல்லலாம் என்று எனக்கும் ஒருமுறை விளக்கினார். நான் தலையாட்டினேனே தவிர காதில் வாங்கவில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் பிற்பகல், வழக்கம்போல் ஆய்வகச் சாமான்களைக் கழுவினேன். பிரிஸ்கில்லா ஊருக்குப் போயிருந்தார். அவர் பொருளும் பளிச்சென்று இருக்கட்டும் என்று நானாக நினைத்து, இருநூற்றுப் பதினாறு சிப்பிகளையும் ஒரே அண்டாவில் கொட்டித் தேய்த்தேன். பைகளையும் சீட்டுகளையும் குப்பை வண்டியில் போட்டேன். அதன் பிறகு சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாகத் தட்டில் அடுக்கி, கிடாய்க் கொம்பு மாதிரி சுருண்டிருந்த பெரிய சிப்பிக்குச் சந்தனப் பொட்டும் வைத்தேன். பார்க்க அம்புட்டு அழகாக இருந்தது.

அதன் பிறகு கதவைப் பூட்டப் போகும்போது, சுவரில் அவர் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். அடுக்கடுக்காகக் கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு சீட்டு எண் எழுதியிருந்தது. அப்போதுதான் செய்த காரியம் உறைத்தது. கழுவியது தெரிந்தால் என் வேலை போகும், களவு போனதென்றால் பழி யாரோ ஒரு திருடனோடு போகும் என்று நினைத்து, சிப்பிகளைச் சாக்கில் கட்டி என் வீட்டுக்குக் கொண்டு போய்விட்டேன்.

விடுமுறை முடிந்து வந்த பிரிஸ்கில்லா இந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். விசாரணையில் நான், காவலாளி சடையாண்டியிடமும் ஒரு சாவி இருக்கிறது என்று சொன்னேன். அதன் பேரில் கல்லூரியில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நேற்று அவர் பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்து, "ஏலே பொன்னுத்துரை, இத்தன வருசத்துல ஒரு ஆணிய எடுத்திருப்பனா? நீயாச்சும் அவுககிட்டச் சொல்லுப்பா" என்றார். என்னிடமே வந்து கேட்டார். நான் சரி என்றேன்.

இன்று காலை சாக்கை எடுத்துப்போய் பிரிஸ்கில்லாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "பரவால்லண்ணே, வரிக்குள்ள துளி மண்ணு ஒட்டியிருந்தாப் போதும். கருங்களியா, மஞ்ச மணலான்னு பாத்து அடுக்கக் கண்டுபிடிச்சிரலாம்" என்று சொல்லி, ஜன்னலோரம் உட்கார்ந்து பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இருநூற்றுப் பதினாறையும் பார்த்து முடிக்க மத்தியானம் ஆயிற்று. ஒன்றிலும் மண் இல்லை. பழைய பல் பிரஷும் கோணி ஊசியும் வைத்து வரிவரியாக நான் சுரண்டியிருந்தேன். இருபத்தாறு வருடத்தில் வேறு எந்த வேலையையும் நான் அவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

சடையாண்டியிடம் சாவி இருப்பது உண்மை, ஆனால் அவர் எடுத்திருப்பார் என்று நினைக்கும்படி நான் முன்பு சொன்னது பொய். அவரைத் திரும்ப வேலையில் சேர்க்க வேண்டும். பிரிஸ்கில்லாவுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். சொன்னபடியே உள்ளது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) நா. பொன்னுத்துரை