நன்றிப் பக்கத்தில் யார் யார்

கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் டவுன் பஸ். என் முன் சீட்டில் ஒருவர், தாம் எழுதிய முதல் நாவலை அச்சகத்தில் கொடுப்பதற்காக மடியில் வைத்திருந்தார். பக்கத்தில், சொந்தச் செலவில் ஏற்கெனவே ஒரு நாவல் போட்டுவிட்ட இளம்பெண்.

"கத கெடக்கட்டும்ணே. நன்றிப் பக்கத்த காட்டுங்க."

"அதுல இன்னாம்மா இருக்குது?"

"அதுலதான் எல்லாமே இருக்குது. கல்யாணப் பத்திரிகை மாரி சொந்தக்காரங்க பேரு அத்தினியும் போடுங்க. பேரு இருக்கறவங்க நாலு பேருக்கு காட்டணும்னே வாங்குவாங்க. நம்ம புக்கு முக்காவாசி அப்படித்தான் போவும்."

"போட்டுக்கீறேன். எங்க தாய்மாமன் பேருதான் மொதல்ல."

"நான் அவசரத்துல எங்க மாமன் பேர வுட்டுட்டேன்ணே."

"ஐயையோ! சும்மாவா வுட்டாரு?"

"வூட்டுக்கே வந்துட்டாரு. 'தாய்மாமன் பேரு இல்லாம இன்னாடி புக்கு'ன்னு ஒரே சத்தம். கடைசில அவரே செலவு பண்ணி மறுபடியும் அச்சடிக்க வெச்சாரு. அட்டையில 'இரண்டாம் பதிப்பு'ன்னு போட்டேன் பாருங்க, முன்ன பின்ன தெரியாதவங்கல்லாம் கேட்டு வாங்கிக்கினு போனாங்க."

எதிரே வந்த கரும்பு லாரிக்கு பஸ் ஒதுங்கி நின்று, மறுபடி கிளம்பியது. அவர் சட்டைப் பையைத் தடவினார்.

"பேனா இருக்குதாம்மா?"

வாங்கி, நன்றிப் பக்கத்தின் முதல் பேரை நிதானமாகக் கோடு போட்டு அடித்தார்.

"எங்க மாமனுக்கு ரோஷம் இன்னும் ஜாஸ்தி."