தையல் மெசினும் தங்கச்சியும்

விமானம் வருகிறது. முதலில் தேனீக் கூட்டம் மாதிரி இரைச்சல். பிறகு விசில். "படுங்க, படுங்க!" நான் பெஞ்சுக்கு அடியில் கிடக்கிறேன். காதைப் பொத்தியிருக்கிறேன். வாயைத் திறந்து வைத்திருக்கிறேன். அப்படித்தான் எங்களைப் பழக்கியிருந்தார்கள். சுற்றிலும் சிரிப்புச் சத்தம்.

இது ரங்கூன் இல்லை. ஏற்காடு, ஒண்டிக்கடை. 1978 மே மாதம், கோடை விழா மேடை. மாலை ஐந்து மணி. சத்தம் போட்டது என் தம்பி முருகேசன். வாயால்.

பக்கத்திலிருந்த கரடியூர்க்காரம்மா கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "ஏனுங்க, நொம்ப பயந்துட்டீங்களா? உங்க தம்பி வாயில போடற சத்தமுங்க அது." புடவையெல்லாம் மண். நாற்பத்தெட்டு வயதுக்காரி நான். மானம் போயிற்று.

முருகேசன் ஒண்டிக்கடையில் தையல்காரன். மோனோ ஆக்டிங் என்றால் கிறுக்கு. அன்று அவன் எடுத்துக்கொண்டது, யுத்தத்தில் எங்கள் குடும்பம் பர்மாவிலிருந்து நடந்து வந்த கதை. அப்பா, அம்மா, நான், எல்லாம் அவன் ஒருவனே. மேடையில் ஒரே ஒரு பொருள். அப்பா வழியெல்லாம் சுமந்து வந்த தையல் மெசினின் தலை.

அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு அப்பா மாதிரியே கோணிக் கோணி நடக்கிறான். "குண்டு போட்டாப் போடு. மெசின் மேல மட்டும் போட்றாத சாமி." கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறது. "நானும் வந்தனுங்க. அம்மா வவுத்துக்குள்ள. டிக்கெட் எடுக்காம வந்தவன் நான் ஒருத்தந்தான்." நானும் சிரித்தேன். சிரித்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு கதையில் சரசு வந்தாள். என் தங்கை. நாலு வயது. வழியில் காலராவில் போனாள் என்றுதான் அப்பா சாகும்வரை சொன்னார். அப்பா மெசினைக் கீழே இறக்கியது அந்த ஒரு தடவைதான் என்றான் முருகேசன். கத்தரிக்கோலால் குழி தோண்டிக் காட்டினான். யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

குழியே இல்லை. நான் அங்கே இருந்தேன்.

1941 டிசம்பர் 23. காலை பத்து மணி. ரங்கூனில் முதல் குண்டு. சித்திரையில் மணிப்பூர் மலை ஏறுகிறோம். எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவிடம் மெசின். அம்மாவிடம் அரிசியும் வயிறும். என் இடுப்பில் சரசு. மூன்று நாளாகக் காய்ச்சல். காலரா இல்லை. பின்னால் கத்துகிறார்கள். "நடங்க, நிக்காதீங்க!" என் இடுப்பு மரத்துவிட்டது. ஒரு திருப்பத்தில், மூங்கில் புதரடியில், அவளை இறக்கினேன். முந்திப் போயிருந்த அப்பாவிடம் ஓடினேன்.

"உசுரு போயிருச்சுப்பா."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. மெசினை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். அம்மா அழுதாள். நான் அழவில்லை.

நாடகம் முடிந்து மேடைக்குப் பின்னால் போனேன். முருகேசன் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தான். "ஏனக்கா, பெஞ்சுக்கடியில பூந்துட்டயாமா? அடுத்து சேலத்துல போடறப்ப அதையுஞ் சேத்துக்கட்டுமா?"

"சேத்துக்க சாமி. இதையுஞ் சேத்துக்க."

சொன்னேன். முப்பத்தாறு வருஷம் கழித்து. அவன் மெசினையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"உன்னையக் கூப்புட்டாளாக்கா?"

"கூப்புட்டா. ரெண்டு வாட்டி."

சேலத்துக்கு அவன் போகவில்லை. மெசினைக் கோணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டான். அந்தக் கதையை யாரும் இனி மேடையில் சொல்லப்போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

ரங்கூனில் புறப்பட்டது நாலு பேர், வயிற்றில் ஒருவன், ஒரு மெசின். சேலம் வந்து சேர்ந்தது மூன்று பேர், வயிற்றில் ஒருவன், ஒரு மெசின். வழியில் எங்களில் யாரும் சாகவில்லை. விட்டுவிட்டு வந்தது ஒருத்தியை. சரசு. நான் இறக்கி வைத்தபோது மூச்சு இருந்தது.