சத்தம் போடாத லேப்டாப்

கம்ப்யூட்டர் பொட்டிய அமத்தாமப் போ மாமான்னாளுங்க. வள்ளியாத்தாள், எங்கூட்டுக்காரி. அவள உசுரோட கடைசியாப் பாத்தது அப்பத்தான். நீங்க உக்காந்திருக்கற கட்டல்லதான் படுத்திருந்தா, நான் பால் வாங்கக் கெளம்புனேன். அட, எந்திரிக்காதீங்க தம்பி, உக்காருங்க. அதாச்சு ரெண்டு வருசம்.

எக்சேஞ்சுக்குத்தான வந்திருக்கறீங்க, தெரியுமுங்க. எம் பொண்ணு தனப்பிரியா பெங்களூர்ல இருந்துக்கிட்டே போன்ல பதிஞ்சுட்டா. புது லேப்டாப்பு வந்துருச்சு, பழசக் குடுத்துருங்கப்பான்னா. குடுக்கறதுக்கு முன்னால அந்தப் புதுசச் செத்த பாருங்க. உங்க கம்பெனிக்காரங்ககிட்டச் சொல்லோணுமில்ல.

தூக்கிப் பாருங்க. அப்பளமாட்ட இல்லீங்களா? மடியில வெச்சா, இருக்குதா இல்லையான்னு தடவிப் பாக்கோணும். சைடுல ரெண்டே ஓட்டை. பென்டிரைவ் சொருகோணும்னா தனியா ஒரு டப்பா வாங்கோணுமாம். விருந்துக்குக் கூப்புட்டுப்போட்டு, எலைய நீயே கொண்டாந்துருன்னாப்பல. மெமரி ரேமப் போர்டோட சேத்து ஒட்டிப்போட்டான். நாளைக்குக் கூட்ட முடியாது, வேற லேப்டாப்புதான் வாங்கோணும்.

நானா? படிச்சதெல்லாம் எட்டாவதுங்க. திருச்செங்கோட்டு ரிக்கு வண்டியில போர்வெல் போட்டுக்கிட்டு மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான்னு சுத்துனவன். ஊட்டோட வந்தப்பறம் சேலத்துல பார்ட்டு பார்ட்டா வாங்கி, அந்தப் பழசு நானே மாட்டுனது. ரிக்கு ஆபீசுகளுக்கெல்லாம் அதுலதான் பில்லு போட்டுக் குடுத்தேன்.

இது வெரல் வெச்சாத் தொறக்குமாம். வெச்சேன். மறுபடி வையின்னுது. வெச்சேன். மறுபடியுமின்னுது. ட்ரில் பைப்பு புடிச்ச கைங்க, ரேகை எங்கிருந்து வரும்? ரேசன் கடை மெசினே என்னைய நம்பாது, இது நம்பீருமாக்கும்.

எப்படியோ தொறந்தா, உள்ள அந்த ஏஐ. கேக்காமயே, வணக்கம் மருதாசலம்ங்குது. பேரச் சொல்லி! எங்க மச்சான் கூட என்னையப் பேர் சொல்லிக் கூப்புட்டதில்ல. செரி, வெவரமிருக்குதான்னு பாப்பம்னு, எரநூறு அடியில பைப்பு சிக்கிக்கிட்டா என்ன பண்றதுன்னு கேட்டேன். அருமையான கேள்விங்குது. இங்க பைப்பு சிக்கிக் கெடக்குது, அதுக்கு அருமையாமா! பத்து பாயிண்டு போட்டு, கடேசில, அனுபவமுள்ள ஒருத்தரக் கலந்துக்கங்கன்னு முடிச்சுது. அட, அந்த ஒருத்தன் நாந்தானய்யா!

பில்லு போடறதும் இனி வெப்சைட்லதானாம். போட்ட பில்லெல்லாம் எங்கடா இருக்குதுன்னா, கிளவுடுலயாம். எங்க மல்லசமுத்திரத்துல மழை பேயறதுக்கே மேகத்தக் காணோம், இதுல எம் பில்லக் கொண்டு போயி வெச்சிருக்கறாங்களாமா.

சிரிக்கறீங்க. அதெல்லாங்கூடப் பொறுத்துக்கலாமுங்க. காத வெச்சுப் பாருங்க, சத்தம் வருதா? ஃபேனே கெடையாதாம். அதப் பெருமையா அட்டை மேல எழுதி வேற வெச்சிருக்கறான். ஓடுதா செத்துதான்னு தெரியாம கம்முனு கெடக்கறதெல்லாம் ஒரு மெசினுங்களா?

பழசு சுச்சப் போட்டாத் தெருமுக்கு வரைக்கும் கேக்கும். வள்ளியாத்தா அதுக்கு ரிக்கு வண்டின்னே பேரு வெச்சிருந்தா. முன்ன நான் வடக்க போனா எட்டு மாசம் வர மாட்டேன். பொண்ணு ஹாஸ்டல்ல. இவ ஒருத்தி இந்த ஊட்டுல. அந்த வண்டி எந்த ஊருலயோ ஓடுச்சு, இதாச்சும் ஊட்டுக்குள்ள ஓடுதேம்பா. சக்கரையில கண்ணு போனப்பறம் அவளுக்கு அந்தச் சத்தந்தான் நானு. கரண்டு போயி பொட்டி ஃபேன் நின்னாப் போதும், மாமா, போயிட்டியாம்பா. இங்கதான் கெடக்கறேன்னு நான் கத்தோணும்.

அன்னைக்கும் அதுக்குத்தான் அமத்தாமப் போன்னது. பால் வாங்கிக்கிட்டு வந்தேன். பொட்டி ஓடிக்கிட்டுத்தான் இருந்துது.

செரி, உங்களுக்கு நேரமாவுது. பழசு அந்த மேசைக்கடியில இருக்குதுங்க. ஓட்டிப் பாத்துத்தான எடுப்பீங்க? சுச்சுப் போடுங்க. கேக்குதுங்களா? எம்புட்டுச் சத்தம் பாருங்க!

திரையில ஒண்ணும் வல்லியா? வராதுங்க. ஹார்டு டிஸ்க்கு போயி வருசமாச்சு. மதர்போர்டும் போச்சு. பவர் சப்ளையில இருந்து நேரா ஒயர் இழுத்து உட்டிருக்கறேன். காலையில போட்டா, படுக்கறப்பத்தான் அமத்துவேன்.

ஓடாத பொட்டிய எடுக்க மாட்டீங்களா? அப்ப எம் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லீருங்க தம்பி. உள்ள ஒண்ணுமில்லீங்க. ஃபேன் மட்டுந்தான் சுத்துது.