சந்தனம் வைப்பதற்கு முன்

தலைமை ஏற்றிருக்கும் தங்கமனத்து நீலாம்பாள் மாமி அவர்களே, மட்டாஞ்சேரிப் பஜனை மண்டலியின் மூத்தோர்களே, சுண்டல் வாசனை வந்தும் எழுந்துபோகாத தாய்மார்களே, தோப்பும்படியிலிருந்து ஸ்பீக்கர் ஏற்றிவந்த விபின் சேட்டன் அவர்களே, களமசேரித் தொழிற்சாலையில் மீட்டரும் கையுமாய்ப் பிழைக்கும் உங்கள் ஸாதனாவின் பணிவான வணக்கம்.

ஆயுத பூஜை. உழைத்த கருவிகளுக்கு ஓய்வு தரும் நன்னாள். இதோ மேசைமேல் மூடி திறந்து அமர்ந்திருக்கிறது நம் வால்வு ஆம்ப்ளிஃபயர். சந்தனமும் தயார். போன வருஷமும் தயாராகத்தான் இருந்தது. சுவிட்சை அணைத்தோம், ப்ளக்கைப் பிடுங்கினோம், மாமி விரலில் சந்தனத்தோடு குனிந்தார். அதற்குள், மூடியைக் கழற்றிக்கொடுத்த விஜியின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி உள்ளே விழுந்தது. பட்டென்று வெடித்தது பொறி. பிடுங்கிய ப்ளக் தரையில் கிடக்கிறது, பொறி எங்கிருந்து வந்தது? அன்று முதல் என்னை அரித்த கேள்வி அது.

விடை கபாசிட்டரில் இருந்தது. அணைத்த பிறகும் நானூறு வோல்ட்டை அடக்கிக்கொண்டு, ஒன்றும் அறியாததுபோல் உட்கார்ந்திருக்கும். அதை வடித்துவிடத்தான் ப்ளீடர் ரெசிஸ்டர். நம் ப்ளீடரோ என்றைக்கோ வெந்து, வெடித்து, விண்டு கிடந்தது. பாட்டு குறைந்ததா? இல்லை. சுருதி பிசகியதா? இல்லை. அது இருந்தாலும் பெட்டி பாடும், செத்தாலும் பெட்டி பாடும். பாட்டு ஓய்ந்த பின் காக்கிறவன் போனதை யார் கவனிப்பார்?

ஏன் வெந்தது? கபாசிட்டர்களின் நடுவே, காற்றுப் புகாத இடுக்கில் யாரோ செருகியிருந்தார்கள். என்ன கேட்கிறீர்கள், வெங்கிட்டு மாமா? 'பெரிசா ஒண்ணு வெச்சாப் போராதோ' என்றா? நல்ல கேள்வி. ஓம், அதாவது தடையின் அளவு, குறைந்தால் வீணாய்ச் சுடும், ஓம் கூடினால் வடிய நேரமாகும். ஆகவே அளவான ஓம், சூடு தாங்கக் கணக்கைப்போல் மூன்று மடங்கு வாட், நானூறுக்கும் மேலே தாங்கும் வகை. ஒன்று போனாலும் மற்றொன்று வடிக்கட்டும் என்று இரண்டாக வைத்தேன். பீங்கான் கால்களில் தூக்கி, கபாசிட்டரை விட்டுத் தள்ளி, மூடியின் துளைகளுக்கு நேர் கீழே நிறுத்தினேன்.

இதோ, அணைக்கிறேன். மாமி, கையை எடுங்கோ. 'ரெண்டு வெச்சிருக்கியே, இன்னும் என்னடீ பயம்' என்கிறார் மாமி. என் வேலைமேல் எனக்கு நம்பிக்கை உண்டு, மாமி. உங்கள் விரலைப் பணயம் வைக்கும் அளவுக்கு இல்லை.

மீட்டர் முள்ளைப் பாருங்கள். முந்நூறு. இருநூறு. இறங்குகிறது. ஐம்பது. பஜனையில்கூட நீங்கள் இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. பூஜ்யம்.

இப்போது வையுங்கோ, மாமி. ப்ளீடருக்கு மட்டும் வேண்டாம், அது இன்னும் சுடும். அதற்கு என் நன்றி போதும். உடன் காத்திருந்த உங்களுக்கும் அதே நன்றி, வணக்கம்.