நரைத்த தலை

"அக்கா, அந்தக் கதையில உன்னச் சாகடிச்சிட்டாங்க லா!"

பட்டர்வொர்த் போகும் ஃபெரிப் படகில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு சகோதரிகள். ஜார்ஜ்டவுனில் ஒரு புகைப்படக் கண்காட்சியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மூடிப்போன ஒரு ஸ்டூடியோவின் பழைய படங்களை மாட்டி, ஆளைத் தெரியாமலே ஒவ்வொன்றுக்கும் ஒரு கற்பனைக் கதை எழுதியிருக்கிறார்களாம். அதில் ஒரு படம், அக்காவும் அவள் கணவரும் கல்யாணமான புதிதில் எடுத்துக்கொண்டது. கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டதால் அக்கா படத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

"அந்தச் சட்ட அவருது இல்ல, தெரியுமா? டத்தோ கிராமாட்ல குடியிருந்தப்ப பக்கத்து வீட்டு அண்ணேகிட்ட கேட்டு வாங்கிப் போட்டாரு. கை நீளம் பத்தல. அதான் முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டிருந்தாரு."

"சட்டைய விடுக்கா. துறைமுகத்துல மூட்ட சரிஞ்சு சின்ன வயசுலயே உயிர் போனது அத்தானுக்கு. இவங்க உன்னக் கொன்னுட்டு, அவரு தனியா இருக்காருன்னு எழுதி வெச்சிருக்காங்க. நாளைக்கே போன் பண்ணி மாத்தச் சொல்றேன்."

"இரு, இரு. அவரு என்ன பண்றாராம்?"

"தெனம் சாயங்காலம் படகுத்துறை ஜெட்டியில வந்து உக்காந்து ஃபெரியப் பாப்பாராம். தலையெல்லாம் நரைச்சிருச்சாம்."

அக்கா திரும்பி, பின்னால் சிறுத்துக்கொண்டே போன ஜெட்டியைப் பார்த்தாள்.

"மாத்தச் சொல்லாத," என்றாள். "நரை அவருக்கு நல்லாத்தான் இருக்கும்."